அலுவல்சார் இரகசியச் சட்டம், 1923 (இந்தியா)

அலுவல்சார் இரகசியச் சட்டம், 1923 என்பது எதிரி நாட்டுக்காக உளவு பார்த்தலையும், அரசின் இரகசியங்களை உரிமையின்றி வெளியிடுதலையும் தண்டனைக்குரிய குற்றங்களாக வரையறுக்கும் இந்தியச் சட்டம் ஆகும். பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டம் விடுதலைக்குப் பின்னரும் நடைமுறையில் உள்ளது.

வரலாறு

இந்தியாவில் இவ்வகையிலான முதற் சட்டம் 1889 இல் இயற்றப்பட்டது. கர்சன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த 1904 இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இவற்றுக்கு மாற்றாக 1923 ஏப்ரல் 2 அன்று தற்போதைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1967 இல் இது திருத்தப்பட்டது.

முக்கிய பிரிவுகள்

பிரிவு 3 உளவு பார்த்தல் பற்றியது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்துடன் தடைசெய்யப்பட்ட இடத்தில் நுழைதல், எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடம் தயாரித்தல், அத்தகைய தகவலைத் திரட்டிப் பிறருக்கு அளித்தல் ஆகியவை இதன்கீழ்க் குற்றங்களாகும். குற்றம் பாதுகாப்புத் துறை தொடர்பானதாயின் 14 ஆண்டுகள் வரையும், ஏனையவற்றில் 3 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம்.

கேடான நோக்கத்தைக் காட்டும் குறிப்பிட்ட செயல் எதையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வழக்கின் சூழ்நிலை, குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தை ஆகியவற்றிலிருந்தே நீதிமன்றம் அந்நோக்கத்தை ஊகிக்கலாம். பிரிவு 4 இன்படி, அயல்நாட்டு முகவருடன் கொண்ட தொடர்பும் சான்றாக ஏற்கப்படும். பிரிவு 5 இரகசியத் தகவலை வெளியிடுபவரோடு, அதைத் தெரிந்தே பெறுபவரையும் தண்டிக்கிறது.

தடைசெய்யப்பட்ட இடங்களும் சேலமும்

படைத்தளங்கள் மட்டுமே தடைசெய்யப்பட்ட இடங்கள் அல்ல. அரசுடன் செய்த ஒப்பந்தத்தின்படி போர்த் தளவாடங்களோ அவற்றின் வரைபடங்களோ உருவாக்கப்படும் தனியார் இடங்களும் அவற்றுள் அடங்கும். 2019 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்று. ஏனையவை சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், திருச்சிராப்பள்ளி ஆகும். எனவே இச்சமவெளியில் அத்தகைய ஒப்பந்தப் பணியை மேற்கொள்ளும் சிறு பட்டறையும் இவ்வரையறைக்குள் வரக்கூடும்.

இசுரோ உளவு வழக்கு

1994 இல் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவூர்தித் தொழில்நுட்பம் மாலைத்தீவுப் பெண்கள் இருவர் வழியாகப் பாக்கித்தானுக்குக் கைமாறியதாகக் குற்றஞ்சாட்டி, கேரளக் காவல்துறை இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவு செய்தது. நாகர்கோவிலில் பிறந்த அறிவியலாளர் நம்பி நாராயணன் அவ்வாண்டு நவம்பர் 30 அன்று கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ 50 நாட்கள் காவலில் வைக்கப்பட்டார்.

வழக்கை ஏற்ற மத்திய புலனாய்வுத் துறை (சி.பி.ஐ.), குற்றச்சாட்டு பொய்யானது என 1996 இல் அறிக்கை அளித்தது, நீதிமன்றம் அதை ஏற்றது. மீண்டும் புலனாய்வு செய்யக் கேரள அரசு பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 1998 இல் நீக்கியது. 2018 செப்டம்பர் 14 அன்று, அக்கைது தேவையற்றது எனக் கூறி 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அந்நீதிமன்றம் ஆணையிட்டது. 2019 இல் அவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. கைதிலிருந்து இழப்பீட்டுத் தீர்ப்பு வரை 24 ஆண்டுகள் ஆயின.

பிற வழக்குகள்

இசுலாமாபாத்திலுள்ள இந்தியத் தூதரகத்தில் பணியாற்றிய மாதுரி குப்தா, பாக்கித்தான் உளவுத்துறைக்குத் தகவல் அளித்ததாக 2010 இல் கைது செய்யப்பட்டார். 2018 இல் தில்லி நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. மாறாக, 2002 இல் கைதான இதழாளர் இப்திகார் கிலானியிடம் இருந்த ஆவணம் ஏற்கனவே பொதுவெளியில் கிடைத்த ஒன்று எனத் தெரியவந்தது. ஏழு மாதச் சிறைக்குப் பின் 2003 சனவரியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது.

திறனாய்வு

எது "இரகசியம்" என்பதை இச்சட்டம் வரையறுக்கவில்லை. நோக்கத்தை ஊகிக்க இடமளிப்பதால், மறைவாக இயங்கும் உளவாளியைத் தண்டிக்க இது உதவுகிறது. அதே ஊகம் குற்றமற்றவரையும் சிறைப்படுத்தக்கூடும் என்பதற்கு இசுரோ வழக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் பிரிவு 22, முரண்பாடு எழும் இடங்களில் அச்சட்டமே மேலோங்கும் என்கிறது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006 இல் அளித்த தன் முதல் அறிக்கையில் இச்சட்டத்தை நீக்கி, உளவுக் குற்றங்களுக்கான விதிகளைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நிறைவேற்றப்படவில்லை.