தீவகத்து வாக்கும் ஒரு நிருபரும்

புலவர்க்குப் பொற்கிழி ஈந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆயின், மறைக்கப்பட்டதைத் துருவி எழுதும் பத்திரிகையாளர்க்குப் பொற்கிழி எளிதில் வருவதில்லை. வரும்போதும் கைநீட்டி வாங்க ஆள் இருப்பதில்லை.

அமெரிக்காவிலே அடிமைகளின் மகளாக 1862 இல் பிறந்த ஐடா வெல்ஸ் அம்மையார் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். மெம்பிஸ் நகரில் பலசரக்குக் கடை நடத்திய அவருடைய நண்பரையும் வேறு இருவரையும் 1892 இல் வெள்ளையர் கும்பலொன்று கொன்றது. அம்மையார் விசாரணையில் இறங்கினார். வெள்ளையர் பத்திரிகைகள் அச்சிட்ட கணக்குகளையே எடுத்து, இத்தகைய கொலைகளுக்குக் கூறப்பட்ட காரணங்கள் பல பொய்யென நிறுவினார். அவருடைய பத்திரிகை நிலையம் அவ்வாண்டே தகர்க்கப்பட்டது. 1931 இல் அன்னார் மறைந்தார். புலிட்சர் சபை சிறப்பு விருது அளித்ததோ 2020 இல்!

நம் நாட்டிலும், "சண்டே லீடர்" ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8 இல் கொல்லப்பட்ட பின்னரே யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ பரிசு அவர் பெயருக்கு வந்தது. அந்தக் கானோவும் 1986 இல் கொலை செய்யப்பட்ட கொலம்பியப் பத்திராதிபரே.

இனி நமது தீவகத்துக்கு வருவோம். 1994 பொதுத் தேர்தலின்போது குடாநாட்டின் பெரும்பகுதி அரசின் கையில் இல்லை. ஊர்காவற்றுறை முதலான தீவுகளிலேதான் பெரும்பாலும் வாக்களிப்பு நிகழ்ந்தது. யாழ். மாவட்டத்தின் 10 ஆசனங்களுள் 9 ஐ ஈ.பி.டி.பி. யினரின் சுயேச்சைக் குழு 10,000 சொச்சம் வாக்குகளாற் பெற்றது. மாவட்டத்து வாக்காளரோ 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர். நெடுந்தீவுக் கிழவி ஒருத்தியின் வாக்குக்கு அன்று இருந்த மதிப்பை இதனால் அறியலாம்.

2000 ஒக்டோபர் 10 இல் மீண்டும் பொதுத் தேர்தல் வந்தது. மயில்வாகனம் நிமலராஜன் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து பீ.பீ.சி. யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும், "வீரகேசரி"க்கும், சிங்கள வார இதழான "ராவய"வுக்கும் செய்தி எழுதி வந்தார். தேர்தலில் நடந்த மிரட்டலையும் கள்ள வாக்கையும் அவர் வெளிப்படுத்தினார். இரு மொழியிலும் செய்தி போயிற்று என்பதை நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இங்கே நடந்ததைத் தெற்கிலுள்ளவரும் அறிந்தனர்.

ஒன்பது நாள் சென்றது. ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், காவலரண்கள் சூழ்ந்த இடத்திலிருந்த அவருடைய வீட்டுக்கே கொலைஞர் வந்தனர். எழுதிக்கொண்டிருந்தவரைச் சன்னல் வழியே சுட்டனர், கைக்குண்டும் வீசினர். பெற்றோரும் மருமகனான சிறுவனும் காயமுற்றனர்.

அவர் எழுதியது வீண் பேச்சன்று என்பதற்கு, அடுத்த தேர்தலின்போது, 2001 நவம்பர் 28 இல், ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த நாரந்தனையிலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தாக்கப்பட்டு இருவர் மாண்டதே சான்று.

நிமலராஜன் வழக்கில் ஈ.பி.டி.பி. யைச் சேர்ந்தோரெனச் சிலர் கைதாகிப் பிணையில் வந்தனர். கட்சியோ குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டது. 2021 இல் சட்டமா அதிபர் அதனைக் கைவிட்டார். மறு ஆண்டு பெப்புருவரியில், இதே கொலை தொடர்பாக, இங்கிலாந்தில் ஒருவரை இலண்டன் பொலிஸார் கைது செய்தனர்.