தோல்விகளின் நடுவே நின்ற காவலர்

உதைபந்தாட்டத்தில் முன்னணி வீரரின் தவறு மறக்கப்படும். கோல் காப்பாளரின் தவறோ மறக்கப்படுவதில்லை. அச்சுமையை 1950 முதல் 1966 வரை ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளில் தாங்கியவர் மெக்சிக்கோவின் அந்தோனியோ கார்பஹால்.

1950இல் மரக்கானா அரங்கில் பிரேசில் நான்கு கோல்கள் போட்டது. 1962 யூன் 7ஆம் நாள், அவரது 33ஆவது பிறந்த நாளில், செக்கோசிலோவாக்கியா முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது. எனினும் 3–1 என மெக்சிக்கோ வென்றது. உலகக் கிண்ணத்தில் அந்நாட்டின் முதல் வெற்றி அதுவே.

1966இல் வெம்பிளியில், உருகுவேயுடனான தமது கடைசி ஆட்டத்தில் மட்டுமே அவர் ஒரு கோலும் விடவில்லை. பதினொரு ஆட்டங்களில் 25 கோல்கள் புகுந்தன. ஆயினும், 2023இல் மறைந்த அவரை உலகம் போற்றுவது, வீழ்ந்த பின்னும் மீண்டும் வந்து நின்றமைக்காகவன்றோ!