பழுது ஏட்டிலா, கயிற்றிலா?

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் சரபோஜி மன்னரின் (1798–1832) கொடையையே பேசுவர். அவர் திரட்டிய ஏடுகளைக் காத்தவர்களின் கைப்பக்குவத்தைப் பேசுவோர் அரியர்.

காவிரி நாட்டு ஈரக்காற்றில் ஓலைக்குப் பகை பல. மருந்திடுமுன் பழுது எங்குள்ளது எனக் காணவேண்டும். எழுத்து மங்கியிருந்தால் கீறல் அழிந்ததென்று அஞ்சவேண்டா. பெரும்பாலும் கரிதான் உதிர்ந்திருக்கும். விளக்குக்கரியை மீண்டும் பூச, எழுத்துத் தெளியும். ஓலை வறண்டு முறிந்தால் புல்தைலம் தடவுவர். துளையருகே கிழிந்திருந்தாலோ, குற்றம் ஓலையினதன்று. இறுகக் கட்டிய கயிற்றினது! பூச்சியைத் தடுக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு முதலியவற்றைப் பொடித்துச் சிறு பையிலிட்டு ஏட்டருகே வைப்பர். தாளில் எழுதிய சுவடிக்குத் தைலம் ஆகாது.

எந்திரக் கை எடுத்துத் தரும் இந்நாளைய காந்த நாடாக் களஞ்சியங்களிலும் முதற்கேள்வி இதுவே. படிக்க இயலாத நாடாவை வேறொரு கருவியில் இட்டுப் பார்க்கின்றனர். பழுதும் உடன்வந்தால் நாடாவை ஐயுறுவர். வாராவிடில் முந்தைய கருவியை.

ஏடு நலமாயிருந்தும் இருக்குமிடம் தெரியாவிடில் அதுவும் இழப்பே. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல் 1880-இல் வெளியிட்ட வடமொழிச் சுவடிப் பட்டியல் அக்குறையையே தீர்க்க முனைந்தது.