குதிரை கட்டிய வீடு

ஒரு நகரம் தன் செல்வத்தைக் காட்ட மாளிகை கட்டுகிறது. பக்தியைக் காட்டக் கோயில் கட்டுகிறது. தன் பயத்தைக் காட்ட எதைக் கட்டுகிறது? தீயணைப்பு நிலையத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கின் பழைய நிலையங்களையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பயம் எவ்வாறு உருமாறி வந்திருக்கிறது என்பது விளங்கும்.

1865 வரை அங்கே தீயை அணைத்தவர்கள் தொண்டர்கள். எங்கள் குழு முந்தியா, உங்கள் குழு முந்தியா என்று தெருவில் கைகலப்பதும் உண்டு. அந்த ஆண்டில்தான் சம்பளம் பெறும் படை ஏற்பட்டது. சம்பளக்காரர் நிலையத்திலேயே உண்டு உறங்கிக் காத்திருக்க வேண்டும். அவரோடு குதிரையும் காத்திருக்க வேண்டும். ஆகவே, பழைய நிலையத்துக்குத் திட்டம் போட்டது குதிரை என்றே சொல்லிவிடலாம். கீழே நீராவிப் பம்பு வண்டியும் லாயமும். மேலே ஆட்களின் படுக்கையும் தீவனப் பரணும். சேணம் உத்தரத்திலிருந்து தொங்கும். மணி அடித்ததும் குதிரை தன் இடத்தில் வந்து நிற்க, சேணம் அதன் முதுகில் இறங்கும். ஆட்கள் மாடியிலிருந்து வழுக்கி இறங்குவதற்கான கம்பம் 1878-இல் சிகாகோவில் தோன்றி மற்ற நகரங்களுக்கும் பரவியது.

இந்த லாயத்துக்கு அவர்கள் வைத்த முகப்பு இருக்கிறதே, அதுதான் விந்தை! 1879 முதல் 1895 வரை நெப்போலியன் லெப்ரன் என்பவரின் நிறுவனம் நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கட்டியது. லஃபாயெட் தெரு 87-ஆம் எண்ணில் 1895-இல் எழுந்த 31-ஆம் எஞ்சின் நிலையம், செங்குத்தான கூரையோடு பிரெஞ்சுப் பிரபுவின் மாளிகைபோல நிற்கிறது. குதிரைக்கு எதற்கு மாளிகை? அது குதிரைக்காக அல்ல, அந்த வழியே நடந்து வீடு திரும்பும் குடும்பஸ்தனுக்காக. ‘நீ நிம்மதியாகத் தூங்கு, நாங்கள் விழித்திருக்கிறோம்’ என்று அந்த முகப்பு அவனுக்குச் சொல்லியது.

1922-இல் கடைசிக் குதிரையும் விடைபெற்றது. ஆனால் அது கட்டிய வீடுகள் பலவற்றில் மோட்டார் வண்டிகள் இன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இனிப் புதியதைப் பார்ப்போம். ஜீன் கேங் என்ற பெண்மணியின் நிறுவனம் வடிவமைத்து, 2019-இல் புரூக்லினில் திறக்கப்பட்டது, இரண்டாம் மீட்புப் படையின் நிலையம். வெளியே கான்கிரீட் சுவர். வாசல், ஜன்னல்களைச் சுற்றி மட்டும் சிவப்பு ஓடு. அலங்காரம் வேறில்லை. உள்ளே நடுவில், கூரை வரை திறந்த ஒரு வெற்றிடம். ஏணி, மாடம், படிக்கட்டு எல்லாம் அதைச் சூழ்ந்திருக்கின்றன. உயரத்தில் சிக்கியவரைக் கயிறு கட்டி இறக்க, வீரர்கள் அங்கே பயிற்சி செய்கிறார்கள். பழைய முகப்பு குடிமகனின் பயத்தை ஆற்றியது. இந்த வெற்றிடமோ வீரனின் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறது. 2001 செப்டம்பர் 11 அன்று ஒரே நாளில் 343 பேரை இழந்த படைக்கு இந்தக் கவலை நியாயமானதே.

அப்படியானால் எது சிறந்தது? இரண்டு செய்திகளைச் சொல்லுகிறேன். லஃபாயெட் தெரு நிலையத்தை 1966-இல் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1972-இல் அந்தப் படையே கலைக்கப்பட்டது. முகப்பைக் காத்த சட்டத்தால், உள்ளே விழித்திருந்தவர்களைக் காக்க முடியவில்லை. 1975-இல் நகரத்தின் கஜானா வறண்டது. புரூக்லினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 212-ஆம் எஞ்சின் நிலையத்தை மூட உத்தரவு வந்தபோது, அக்கம்பக்கத்து ஜனங்கள் உள்ளே புகுந்து, அங்கேயே மாதக்கணக்கில் குடியிருந்து, அதைத் திரும்பத் திறக்க வைத்தார்கள். 2003-இல் அது மறுபடி மூடப்பட்டது என்பது வேறு விஷயம்.

அந்த ஜனங்கள் தூணுக்காகவோ கூரைக்காகவோ அங்கே போய்ப் படுக்கவில்லை. மரவீடுகள் நெருங்கிய தெருவில், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். கட்டடக் கலையைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.