இளையோர் மனம் மாறுகிறது, எல்லா நாட்டிலும் அல்ல: தன்பால் ஈர்ப்பாளர் உரிமை பற்றி உலக இளைஞர்கள்

தன்பால் ஈர்ப்பைச் சமுதாயம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? தென் கொரியாவில் 2019ஆம் ஆண்டு இந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது, 18 முதல் 29 வயது வரையிலானவர்களில் 79 விழுக்காட்டினர் ஏற்க வேண்டும் என்றனர். 50 வயதைத் தொட்டவர்களிலும் கடந்தவர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் 23 விழுக்காட்டினர்தாம். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே வீட்டில் உண்ணும் சாப்பாடு. ஆனாலும் பெற்றோர் தலைமுறைக்கும் பிள்ளைகள் தலைமுறைக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் இந்தக் கருத்தாய்வை நடத்தியது. அவற்றுள் 22 நாடுகளில் மூத்தவர்களைவிட இளையவர்களிடம் ஏற்பு தெளிவாகவே கூடுதலாக இருந்தது. ஆகவே "இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் இளமை மட்டுமே மனத்தை மாற்றிவிடுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது.

சொல்லில் தெளிவு

தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது முதலில் குழப்புவது சொல்தான். ஆணுக்கு ஆண்மீதோ, பெண்ணுக்குப் பெண்மீதோ ஏற்படும் ஈர்ப்பு தன்பால் ஈர்ப்பு. நாளிதழ்களில் நீண்ட காலமாக வழங்கிவரும் "ஓரினச் சேர்க்கை" என்ற சொல் உடலுறவை மட்டுமே முன்னிறுத்துவதால், அதைத் தவிர்க்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். திருநங்கை, திருநம்பி என்பவை வேறு. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்ட பாலினத்தவராகத் தம்மை உணர்பவர்களை அச்சொற்கள் குறிக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நம்மிடையே பரவலாக உள்ள தவறு.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதற்கு வித்திட்டது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு. அவ்வழக்கு பின்னர் விளக்கப்படுகிறது.

இடைவெளி பெரிதாக உள்ள நாடுகள்

ஜப்பானிலும் இதே நிலைதான். 2019ஆம் ஆண்டு ஆய்வில் அங்குள்ள இளையோரில் 92 விழுக்காட்டினரும், 50 வயதுக்கு மேற்பட்டோரில் 56 விழுக்காட்டினரும் ஏற்பதாகக் கூறினர். ஆனால் இளையோர் நினைப்பது உடனே சட்டமாகிவிடுவதில்லை. ஜி7 நாடுகளில் ஒரே பாலினத் தம்பதிகளைத் தேசிய அளவில் சட்டப்படி ஏற்காத ஒரே நாடு ஜப்பான். சில நகர மன்றங்கள் 2015ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கி வருகின்றன. திருமணம் மறுக்கப்படுவது அரசமைப்புக்கு முரண் என நீதிமன்றங்கள் சில தீர்ப்பளித்துள்ளன. நாடாளுமன்றம் மட்டும் இன்னும் அசையவில்லை.

தென் கொரியாவில் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதா 2007இல் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்டது. கிறிஸ்துவ அமைப்புகளின் கடும் எதிர்ப்பால் அது திரும்பத் திரும்ப முடங்கியது. ஆயினும் 2024 ஜூலையில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத் துணைவரையும் தேசியச் சுகாதாரக் காப்புறுதியில் சார்ந்திருப்பவராகப் பதியலாம் என்று தீர்ப்பளித்தது.

தைவானில் முதலில் சட்டம் வந்தது, மக்கள் கருத்து அதன்பின் மாறியது. அங்கு அரசமைப்பு நீதிமன்றம் 2017இல் திருமண உரிமையை ஆதரித்துத் தீர்ப்பு வழங்கியது. அடுத்த ஆண்டு நடந்த பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் அதற்கு எதிராக வாக்களித்தனர். இருந்தும் நாடாளுமன்றம் 2019 மே 17ஆம் தேதி தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, அரசு எடுத்த ஆய்வுகளில் ஆதரவு ஆண்டுதோறும் ஏறி, 60 விழுக்காட்டைத் தாண்டியது. அக்கம்பக்கத்தில் இத்தம்பதிகள் இயல்பாக வாழ்வதைக் கண்டபின் பலரின் அச்சம் குறைந்தது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

ஊர் திரும்பி வாக்களித்த அயர்லாந்து இளையோர்

கத்தோலிக்கப் பற்று மிகுந்த அயர்லாந்தில் 1993 வரை ஆண்களுக்கிடையிலான உறவு குற்றம். 22 ஆண்டுகள் கழித்து, 2015 மே 22ஆம் தேதி, திருமண உரிமை பற்றி அங்கு பொது வாக்கெடுப்பு நடந்தது. 62 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இவ்வுரிமையைப் பொது வாக்கெடுப்பின் வழி தந்த முதல் நாடு அதுவே.

வேலை தேடி லண்டனுக்கும் இன்னும் தூர தேசங்களுக்கும் போயிருந்த இளையோர், வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க வழியில்லாததால், விமானத்திலும் கப்பலிலும் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினர். அதேவேளையில், அந்த 62 விழுக்காட்டை இளையோர் மட்டும் தந்திருக்க முடியாது. பேரப்பிள்ளைகளுக்காக வாக்களித்த தாத்தா பாட்டிகளும் அதில் இருந்தனர். இயக்கத்தினர் தெருத் தெருவாகச் சென்று, வீட்டுக் கதவைத் தட்டி, சொந்தக் கதையைச் சொல்லி ஆதரவு கேட்டதன் பலன் அது.

இளைய நாடு என்றால் மாறும் நாடா?

உகாண்டாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் 20 வயதை எட்டாதவர்கள். உலகின் மிக இளைய நாடுகளில் அதுவும் ஒன்று. அங்குதான் 2023ஆம் ஆண்டு, சில சூழல்களில் மரண தண்டனை வரை விதிக்கக்கூடிய கடுமையான சட்டம் நிறைவேறியது. நைஜீரியாவும் இளைய நாடுதான். பியூ ஆய்வில் அங்கு ஏற்பு 7 விழுக்காடு. இந்தோனேசியாவில் 9 விழுக்காடு.

ஆக, வயதைவிட வலுவான காரணங்கள் இருக்கின்றன. நாட்டின் வருமானம், பள்ளியில் என்ன கற்பிக்கப்படுகிறது, அன்றாட வாழ்வில் சமயத்துக்கு உள்ள இடம் ஆகியவை முக்கியமானவை. தன்பால் ஈர்ப்பாளர் ஒருவரை நேரில் அறிந்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் என்பர். சட்டமும் சமூகமும் அச்சுறுத்தும் இடத்தில் யாரும் தம்மை வெளிக்காட்ட மாட்டார்கள். யாரும் வெளிக்காட்டாத ஊரில் "நம்மிடையே அப்படி ஒருவரும் இல்லை" என்ற நம்பிக்கை நிலைத்துவிடுகிறது.

சமயப் பற்றுள்ள நாடு என்றாலே எதிர்க்கும் என்றும் சொல்லிவிட முடியாது. பக்தி மிகுந்த பிலிப்பீன்ஸில் 73 விழுக்காட்டினர் ஏற்றனர். அங்கும் திருமண உரிமை இதுவரை இல்லை.

இளையோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். பல நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏற்பு அதிகம். இந்த மாற்றம் ஒரே திசையில்தான் போகும் என்ற உறுதியும் இல்லை. அமெரிக்காவில் ஒரே பாலினத் திருமணத்துக்கு 1996இல் 27 விழுக்காடாக இருந்த ஆதரவு, 2023இல் 71 விழுக்காடானது என்கிறது கேலப் நிறுவனம். ஆனால் குடியரசுக் கட்சியினரிடையே ஒரு கட்டத்தில் 55 விழுக்காடு வரை ஏறிய ஆதரவு, 2025இல் 41 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

ஒரே 377, வெவ்வேறு வழிகள்

தமிழர்கள் வாழும் பல நாடுகளை இவ்விஷயத்தில் இணைப்பது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக எழுதப்பட்டது, கப்பலேறி நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்துக்குத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த அதே ஆட்சிதான் இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. திருமண உரிமை வழங்க 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுத்து, அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது.

சிங்கப்பூரில் 377ஏ பிரிவு 1938இல் சேர்க்கப்பட்டது. 2007இல் நாடாளுமன்றத்தில் விவாதித்த பின், பிரிவு நீடிக்கும், ஆனால் செயல்படுத்தப்படாது என்ற நிலையை அரசு எடுத்தது. 2009 முதல் ஹொங் லிம் பூங்காவில் நடந்துவரும் பிங்க் டாட் ஒன்றுகூடலுக்கு இளையோர் பெருந்திரளாக வந்தனர். இப்சோஸ் நிறுவனத்தின் ஆய்வுகளில், அப்பிரிவை ஆதரித்தோர் 2018இல் 55 விழுக்காடு, 2022இல் 44 விழுக்காடு. அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2022 தேசிய தினப் பேரணி உரையில் அதை நீக்குவதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் அதை நீக்கியது. கூடவே, திருமணம் என்பதன் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்த்து மாற்ற முடியாதபடி அரசமைப்பும் திருத்தப்பட்டது. இளையோர் கேட்டதில் ஒன்று கிடைத்தது, மூத்தோரின் கவலைக்கும் ஒன்று கிடைத்தது.

மொரிஷியஸ் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இத்தகைய உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. இலங்கையில் 365, 365ஏ பிரிவுகள் இன்றும் உள்ளன. அவற்றை மாற்றும் மசோதா அரசமைப்புக்கு முரணல்ல என உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. நம் அண்டை நாடான தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி நடக்கிறது. தென்கிழக்காசியாவில் இதுவே முதல் முறை.

மலேசியாவில் இன்றைய நிலை

மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னமும் நடப்பில் உள்ளன. 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். இது எல்லா இனத்தவருக்கும் பொருந்தும் கூட்டரசுச் சட்டம் என்பது நம்மில் பலர் அறியாதது. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. சிலாங்கூரின் ஷரியா சட்டப் பிரிவு ஒன்றை 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. அக்குற்றம் ஏற்கெனவே கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநிலம் அதற்குச் சட்டம் இயற்ற முடியாது என்பதே அதற்கான காரணம். அந்த உறவு குற்றமல்ல என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

பியூ மையம் 2023இல் வெளியிட்ட ஆசிய ஆய்வில், மலேசியர்களில் 82 விழுக்காட்டினர் ஒரே பாலினத் திருமணத்தை எதிர்த்தனர். 17 விழுக்காட்டினர் ஆதரித்தனர். சிங்கப்பூரில் ஆதரவு 45, எதிர்ப்பு 51 விழுக்காடு. மலேசியாவுக்குள் சமய வாரியாகக் கருத்து பெரிதும் வேறுபடுகிறது. முஸ்லிம்களிடம் ஆதரவு மிகக் குறைவு. பௌத்தர்கள், இந்துக்களிடம் அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்த எண்களைப் படிக்கும்போது கேட்கப்பட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். "சமுதாயம் ஏற்க வேண்டுமா", "திருமணம் செய்ய அனுமதிக்கலாமா", "சிறையில் அடைக்க வேண்டுமா" ஆகிய மூன்றும் ஒன்றல்ல. திருமணத்தை எதிர்க்கும் ஒருவர், சிறைத் தண்டனையையும் எதிர்க்கலாம். சட்டம் தண்டிக்கும் நாட்டில் முன்பின் தெரியாதவரிடம் எல்லாரும் மனம் திறந்து பதில் சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது.

ஜொகூர் பாலத்தின் ஒரு முனையில் குற்றமாக இருப்பது மறு முனையில் குற்றமல்ல. தினமும் காலையில் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் பல்லாயிரம் இளையோரில் நம் பிள்ளைகளும் உண்டு.

வீட்டுக்குள் வரும்போது

உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதி, தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. தைவான் தன் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியதும் ஒரு மே 17 அன்றுதான். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று அறிவித்தது. ஆகவே மருந்து, மந்திரம், பரிகாரம், அவசரத் திருமணம் ஆகியவற்றால் "சரிசெய்ய" வேண்டியது எதுவுமில்லை. அவசரத் திருமணம், ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்தே கெடுக்கிறது.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கு இங்குதான் பொருந்துகிறது. பெற்றோர் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சிய இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டனர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது பற்றிப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று பேசித் தெரிந்துகொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூன் மாதம் அவர் பிறப்பித்த உத்தரவு, ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி நடத்தப்படும் "சிகிச்சை" எதுவும் கூடாது என்றது. காவல்துறையும் பள்ளிகளும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் வழிகாட்டியது.

பெற்றோர் அத்தனை பேரும் உடனே மனம் மாறிவிடுவார்கள் என்று அந்த உத்தரவு எதிர்பார்க்கவில்லை. பிள்ளைக்கு அடியோ, வீட்டுச் சிறையோ, காவல் நிலைய அலைச்சலோ கூடாது என்பதே அது வகுத்த எல்லை. நம் நாட்டில் சட்டம் எப்போது, எப்படி மாறும் என்பது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி வாய் திறந்தால், முதலில் உட்காரவைத்து முழுவதையும் கேட்பது எந்த வீட்டிலும் இன்றே முடியும்.