புல்லட்டின் இருக்கையும் 'அசல்' என்னும் நம்பிக்கையும்

பழைய புல்லட் வண்டியைப் புதுப்பிக்க முனைவோர் பலர் அதன் நீண்ட இரட்டை இருக்கையைக் கழற்றிவிட்டு, சுருள்வில்களின் மேல் அமைந்த ஒற்றைத் தோல் இருக்கையைப் பொருத்துகின்றனர். வண்டியின் அசல் தோற்றத்தை மீட்டுவிட்டதாக நம்புகின்றனர். மீட்கப்படுவது எந்தக் காலத்து அசல் என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா.

சுருள்வில் இருக்கை அழகுக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் ஓட்டிய ராயல் என்ஃபீல்டு டபிள்யூ.டி./சி.ஓ. போன்ற வண்டிகளில் பின்சக்கரம் சட்டகத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. சாலைப் பள்ளங்களின் அதிர்ச்சி ஓட்டுநரின் முதுகை எட்டாமல் தடுக்கும் பொறுப்பு இருக்கையின் வில்களையே சார்ந்திருந்தது.

1949-இல் சந்தைக்கு வந்த புல்லட்டில் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் ஏறி இறங்கியது. அதிர்ச்சியை ஷாக் அப்சார்பர்கள் ஏற்றன. ஒற்றை இருக்கை உடனே மறைந்துவிடவில்லை. ஆயினும் வில்களின் தேவை குறைந்ததால், தகட்டின் மேல் மெத்தை பரப்பிய நீள இருக்கைக்கு வழி திறந்தது. 1950-களில் பிரிட்டிஷ் வண்டிகளில் அது பரவலாயிற்று.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. படைக்கும் காவல்துறைக்கும் பயன்பட்ட புல்லட், நாளடைவில் கார் வாங்க இயலாத இல்லங்களின் வாகனமாகவும் ஆயிற்று. கணவன் ஓட்ட, மனைவி புடவையுடன் ஒருபக்கமாக அமர, இடையில் குழந்தை இருக்கும் காட்சி இந்தியத் தெருக்களில் இயல்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரையே அனுமதித்தது. அவரும் உறுதியாகப் பொருத்தப்பட்ட இருக்கையில்தான் அமரவேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 123-ஆம் விதி பின்னிருப்பவருக்குக் கைப்பிடியையும் கால்தாங்கியையும் கட்டாயமாக்கியது. ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பையும் கோரியது. புடவை அணிந்து பயணித்த பெண்ணின் உடல் இவ்வாறு இயந்திரத்தின் வடிவிலும் சட்டத்தின் சொற்களிலும் பதிவாயிற்று.

2009-இல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட கிளாசிக், பின்புற ஷாக் அப்சார்பர்கள் இருந்தும் சுருள்வில் ஒற்றை இருக்கையோடு வந்தது. பொறியியல் தேவையாக இருந்த வில், அதற்குள் பழமையின் அடையாளமாகிவிட்டிருந்தது.

ஆகவே 1970-களில் சென்னையில் உருவான வண்டிக்கு ஒற்றை இருக்கை பொருத்துவது, அவ்வண்டி வாழாத ஒரு வாழ்வை அதன்மேல் ஏற்றுவதாகும். போர்க்கால வீரனின் தனிமை உள்ளே வருகிறது. அந்த வண்டியில் பயணித்த பெண்ணும் குழந்தையும் வெளியேறுகின்றனர். சட்டப்படியும் பின்னால் ஒருவரை ஏற்றும் வழி அடைபடுகிறது.

இருக்கையை மாற்றுவது உரிமையாளரின் விருப்பம். கழற்றிய பழைய இருக்கையையும் புடவைக் காப்பையும் காயலான் கடைக்கு அனுப்பாமல், நிழற்படம் எடுத்து, ஆண்டைக் குறித்து, பாதுகாப்பது நன்று. ரெக்ஸின் உறையில் உள்ளூர்த் தையற்காரர் போட்ட ஒட்டும் அந்த வண்டியின் வரலாற்றுச் சான்றே.