வேலியில் படரும் கறி: மாத்தளையின் கொவ்வை

மாத்தளை மாவட்டத்தின் வீட்டு வேலிகளிலும் பாதையோரப் பற்றைகளிலும் யாரும் நடாமலே படர்வது கொவ்வைக் கொடி. தமிழகத்தில் இது கோவை, சிங்களத்தில் கோவக்கா.

பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாவரவியல் பெயர் கொக்சினியா கிராண்டிஸ். இந்தப் பேரினத்தில் சுமார் 25 இனங்கள் உள்ளன. ஏனையவை ஆபிரிக்காவுக்கே உரியவை. கொவ்வை மட்டும் வெப்பமண்டல ஆபிரிக்காவிலிருந்து தெற்காசியா வரை காடாக வளர்கிறது. ஹவாய், குவாம் தீவுகளிலோ மரங்களை மூடிப் படரும் ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது.

இலை பெரும்பாலும் ஐந்து கோணமாக இருக்கும். பூ வெள்ளை. ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி. காய் பெண் கொடியில் மட்டுமே. வெள்ளை வரியோடிய பச்சைக் காய் பழுத்தால் செக்கச்சிவப்பாகும். கிழங்கு போன்ற வேர் இருப்பதால் வரட்சியில் காய்ந்தாலும் மழையோடு மீண்டும் துளிர்க்கும்.

இளம் இலையை மெல்லியதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்தால் வரை. சிங்கள வீடுகளில் அதுவே மல்லும். காயும் கறிக்கு உதவும்.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். அதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. 1977, 1983 வன்முறைகளின் பின் மலையகத்தவர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் எதிர்த்திசையில் இடம்பெயர்ந்தார்கள். கொவ்வை இரு முனைகளிலும் வளர்கிறது. ஊர் மாறியவருக்கும் கை பழகிய கறி வேலியில் கிடைத்தது.

சொந்தக் காணியில்லாத லயத்துக் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. மரக்கறி விலை ஏறும்போது காசின்றிக் கிடைக்கும் இலைக்கறி இது. ஆனால் இலைகளை அடையாளம் காணும் அறிவு மூத்தவர்களோடு போய்விட்டால் கொடி இருந்தும் பயனில்லை. பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியது இப்போதுதான்.

இரு எச்சரிக்கைகள். களைநாசினி தெளித்த தேயிலை, மரக்கறித் தோட்ட ஓரங்களில் பறிக்கக்கூடாது. அடுத்தது, நீரிழிவு. 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், 61 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் கொவ்வை இலை உணவு இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. அது நோயாளரிடம் செய்த ஆய்வல்ல. இலையை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. மருந்தெடுப்பவர்கள் இதை அடிக்கடி உண்பதானால் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.